நீலக் கோட்டும் வெள்ளைமுடியும்

அந்த ஜப்பான் பொம்மைத் தொடர் எப்படி என்று யாராவது கேட்டால் முதலில் அதன் குறைகளைத்தான் சொல்வேன். நடுவில் நாலைந்து பகுதிகள் ஒரே இழுவை. இதோ சண்டை வரப்போகிறது என்று மேளம் கொட்டிவிட்டு, கடைசியில் இரண்டு பேர் மழையில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். முகத்தில் பாதி கண்தான். பெண்கள் வருகிற இடமெல்லாம் வீண். அழவும் காயத்துக்குக் கட்டுப்போடவும்தான் அவர்களைப் படைத்திருக்கிறார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு, நான் பார்த்த கதைகளிலேயே நியாயமான கதை அதுதான் என்றும் சொல்வேன். ஒருத்தனைக் கெட்டவனாகக் காட்டி, அவனை அடித்துப்போட்டுவிட்டு, நம்மை நிம்மதியாகச் சாப்பிடப் போகச் சொல்லுகிற வேலையை அது செய்யவில்லை. இந்த வயதில் பொம்மைப் படத்துக்கு இவ்வளவு வக்காலத்தா என்று என் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அது எங்கள் வீட்டில் ஓடிய அந்த ஆடி மாதத்தை அவர்கள் பார்த்ததில்லை.

டிவிடி பிளேயர் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியிருந்த காலம் அது. நான் டிகிரி முடித்துவிட்டு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். காலை ஷிப்ட். கம்பெனி பஸ் சாயந்திரம் நாலரைக்கு என்னை மில்லுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் இறக்கிவிடும். மில் அதற்குள் மூடிவிட்டிருந்தது. சங்கு ஊதாத மில்லைப் பார்த்தபடி எங்கள் தெரு ஆண்கள் காலையில் பேப்பர் படிப்பார்கள். அதில் அப்பாவும் ஒருவர்.

அப்பா தொழிற்சங்கத்துக்காரர். மில் வாசலில் நடக்கிற கேட் மீட்டிங்கில் மைக் பிடித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். தொண்டை அப்படி. மில் போன பிறகு அந்தத் தொண்டைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சோற்றில் உப்பு குறைந்தால்கூட அம்மாவிடம் கண்டனக் கூட்டம் நடத்துகிற குரலில்தான் சொல்வார். அம்மா, "அய்ய, மைக்க வச்சிட்டு சாப்புடு" என்பாள்.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. முற்றத்தின் நடுவே தோளுயரத்துக்கு ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. அதே மில்லில் அப்பாதான் அவரைச் சேர்த்துவிட்டார். நான் ஸ்கூலில் படிக்கும்போது ஒரு பெரிய ஸ்டிரைக் வந்தது. எல்லாரும் வெளியே நின்றார்கள். சித்தப்பாவும் இன்னும் கொஞ்சம் பேரும் ஒருநாள் காலையில் உள்ளே போய்விட்டார்கள். இன்னும் ஒரு மாதம் மெஷின் நின்றால் மில்லை மூடிவிடுவார்கள், மூடினால் சங்கமும் இருக்காது சோறும் இருக்காது என்பது சித்தப்பா கட்சி. ஒருத்தன் உள்ளே போனால் வெளியே நிற்கிற அத்தனை பேரின் காலும் வாரிவிடப்படும் என்பது அப்பா கட்சி. அன்று சாயந்திரம் கேட் மீட்டிங்கில் அப்பா மைக்கில் தம்பியைக் கருங்காலி என்றார். அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு முற்றத்தில் மதிலையும் எழுப்பினார். ஸ்டிரைக் முடிந்தது, கொஞ்ச காலம் மில் ஓடியது, பிறகு மூடத்தான் மூடினார்கள். இரண்டு பேருமே தோற்றுப்போனார்கள். மதில் மட்டும் நின்றது.

அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. ஆனால் அம்மாவும் சித்தியும் ஒருநாள்கூட பேச்சை நிறுத்தவில்லை. கருவாட்டுக் குழம்பு கிண்ணம் மதில்மேல் போகும், வடை வரும். அப்பா அந்த வடையைச் சாப்பிடுவார். எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார். எனக்குத்தான் பொறுக்காது. சைக்கிள் முன்பாரில் என்னை உட்காரவைத்து பீச் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போன சித்தப்பா அவர். மதிலுக்கு அப்புறமும் என்னிடம் பேசுவார்தான், ஆனால் அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுவார். அந்தக் கள்ளத்தனம் எனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் சித்தப்பா தன் பாதியை விற்றுவிட்டார். தவளக்குப்பத்தில் பெரிய மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விடுவது என்று முடிவு. பத்திரம் முடிந்துவிட்டது. ஆடியில் வீடு மாறக்கூடாது என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்காகக் காத்திருந்தார்கள். இந்தச் செய்தியை அம்மாதான் அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "யாரு வேணா எங்க வேணா போவட்டும், எனக்கின்னா?" என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஆவணிக்குள் இந்த மனுஷன் தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசிவிடவேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தமாதிரி இருந்தது. அவர்கள் தவளக்குப்பம் போய்விட்டால் கிண்ணம் போகிற வழியும் அடைந்துபோகும். அப்புறம் கல்யாணத்தில் பந்தியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற சொந்தமாகிவிடும். எத்தனை குடும்பங்களில் பார்க்கிறோம். நேராக அப்பாவிடமே போய்ச் சொன்னேன். "சின்னப் பொண்ணு சின்னப் பொண்ணாட்டம் இரு" என்று பதில் வந்தது. இருபத்தொரு வயது கழுதைக்குச் சொல்கிற பதிலா இது?

எதிர்வீடு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுப் பெண் என் தோழி. இங்கேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிறகு பாரீஸ் பக்கம் மேல்படிப்புக்குப் போனவள். லீவுக்கு வரும்போது எல்லாரும் வாசனை சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள்; இவள் அந்த வருஷம் ஒரு பெட்டி நிறைய டிவிடி கொண்டுவந்தாள். ஜப்பான் தொடர், பேசுவது பிரெஞ்சில். கீழே எழுத்து ஓடினால் அதுவும் பிரெஞ்சு. அங்கே வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் பார்ப்பார்களாம். அவள் அப்பா, கல்யாண வயசில் என்னடி பொம்மை என்று திட்டுகிற ஆள், டிவியை விட்டு நகரவும் மாட்டார். அதனால் பாரீசிலிருந்து வந்த பிளேயரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் டிவி முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் இருந்தது.

அவள் பார்க்கவைத்த விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தமிழில் சொல்லி, மறுபடி ஓடவிட்டாள். பிறகு நிறுத்தாமலேயே சொல்லப் பழகிவிட்டாள். டிவியின் பிரெஞ்சுக்கு மேலே தமிழ் கேட்கவேண்டுமே, அதனால் கத்திக் கத்திச் சொல்வாள். ஆண் குரலுக்கு ஆண் குரல், கிழவனுக்குக் கிழக்குரல். நம் ஊர் தெருக்கூத்தில் கட்டியங்காரன்கூட அவ்வளவு கத்தமாட்டான்.

கதை இதுதான். கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு நகரம். சுற்றிலும் மதகுகள். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு காவலன். எல்லாக் காவலர்களும் ஒத்துக்கொண்டால்தான் எந்த மதகையும் திறக்கலாம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்தச் சத்தியம்தான் நகரத்தைப் பல தலைமுறை காப்பாற்றியிருக்கிறது. ஒரு புயலில் தாழ்வான பேட்டை முழுகப்போகிறது. எல்லாரையும் கேட்க நேரமில்லை. இளைய காவலன், வெள்ளைமுடிக்காரன், தன் மதகைத் தனியாகத் திறந்துவிடுகிறான். பேட்டை பிழைக்கிறது. ஆனால் உப்புத்தண்ணீர் வயலில் ஏறி, நகரமே பட்டினி கிடக்கிறது. சத்தியம் உடைந்தது தெரிந்ததும் ஆளாளுக்கு மதகில் கை வைக்க ஆரம்பிக்கிறார்கள். அவனோடு ஒன்றாக வளர்ந்த மூத்த காவலன், நீலக் கோட்டு போட்டவன், அவனைப் பிடிக்கக் கிளம்புகிறான். இதுதான் மொத்தக் கதையும். ஜப்பான் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நீலக் கோட்டு, வெள்ளைமுடி என்றே வைத்துக்கொண்டோம்.

அப்பா முதல்நாள் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். "மாடு மாதிரி வளந்ததுங்க பொம்ம பாக்குதுங்க பாரு." இரண்டாம் நாள் பேப்பர் மடிக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள், காவலர்கள் கூடிப் பேசுகிற காட்சியில், "இரு, இரு, அந்தக் கெயவன் இன்னா சொன்னான்? திரும்பப் போடு" என்றார். எனக்கும் தோழிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அன்று வெள்ளைமுடியை ஊரார் ஏதோ ஒரு வார்த்தை சொல்லித் திட்டினார்கள். தோழி அதைத் துரோகி என்றாள்.

"துரோகி இல்லமா," என்றார் அப்பா. "துரோகி வேற. கூடவே நின்னு, ஒரே சட்டியில சாப்ட்டுட்டு, விடிஞ்சதும் உள்ள போறான் பாரு, அவனுக்குப் பேரு கருங்காலி."

மைக் தேவையில்லாத அந்தத் தொண்டையில் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து என்னை முறைத்தாள். நான் என்ன செய்தேன்?

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. பிறகு சித்தப்பாவின் குரல். "ஏ, கேட்டியா? மதக தொறக்காம வுட்டிருந்தா அந்தப் பேட்ட ஜனமெல்லாம் எங்க போயிருக்கும்? சத்தியத்த கரைச்சி குடிச்சிருக்குமா?"

சித்தியிடம்தான் சொன்னார். ஆனால் சித்தி அந்த நேரம் கடைக்குப் போயிருந்தாள். எனக்குத் தெரியும், எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனாள்.

அப்பாவின் காது விடைத்தது. எங்களையெல்லாம் விட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னார். "வயலு போச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது? பேட்டைய காப்பாத்துனானாம். ஊரையே பட்டினி போட்டான்!"

"எனக்கின்னா தெரியும், நான் கொழம்புக்குப் புளி கரைக்கிறேன்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து இது தினப்படி வழக்கமாயிற்று. பேசாத சொந்தக்காரர்கள் மூன்றாம் ஆளை வைத்துச் சாடை பேசுவது எங்கள் பக்கம் புதிதில்லை. ஆனால் ஜப்பான் மதகை நடுவில் வைத்து யாரும் பேசியிருக்கமாட்டார்கள். ஒவ்வொரு டிஸ்க் முடிந்ததும் அப்பா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு பட்டிமன்ற நடுவர் மாதிரி தீர்ப்பு சொல்வார். தீர்ப்பு எப்போதும் நீலக் கோட்டுக்குத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் இல்லாத சித்தியிடம் மேல்முறையீடு போகும். நடுவில் நாங்கள் இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சித்தப்பாவுக்குப் படமே தெரியாது, சத்தம் மட்டும்தான். வானொலி நாடகம் கேட்கிறதுபோல மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா, "ம், போடு" என்பார். அதை நான் கவனித்தேன். இழுக்கிற சத்தம் வராத ஒருநாள், அப்பா தண்ணீர் குடித்தார், விசிறியைச் சரிசெய்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அந்தப் பக்கம் நாற்காலி வந்த பிறகுதான் உட்கார்ந்தார். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு ஏன்யா இந்த வீம்பு?

என் சொந்த மதிப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வெள்ளைமுடி கட்சி. சித்தப்பாவுக்காக இல்லை, அந்தப் பேட்டையில் கூரைமேல் நிற்கிற பிள்ளைகளைக் காட்டிவிட்டார்கள், அதற்காக. அதற்கப்புறம் சத்தியம் என்ன பெரிய சத்தியம் என்று தோன்றும். ஆனால் தொடரை எடுத்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அடுத்த டிஸ்கில் வயல் பக்கத்துப் பிள்ளைகளைக் காட்டினார். உப்புப் பூத்த நிலத்தில் எதையோ தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் நீலக் கோட்டுக்குத் தாவினேன். இப்படி டிஸ்குக்கு டிஸ்க் கட்சி மாறினேன். அப்பா என்னைப் பச்சோந்தி என்றார். ஒரு கதை நம்மைக் கட்சி மாறவைக்கிறதென்றால் அது நல்ல கதை என்று எனக்கு அப்போதே தோன்றியது. அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் இல்லை.

தோழி மட்டும் கடைசிவரை அசையாமல் வெள்ளைமுடி கட்சி. நியாயமெல்லாம் ஒன்றுமில்லை, அவன் அழகாக இருந்தான், அவ்வளவுதான். வெள்ளைமுடி பேசினால் இவள் குரல் குழையும். நீலக் கோட்டு பேசினால் வில்லன் குரல் போடுவாள். அதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஆனால் பிரெஞ்சு தெரியாத நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடித்தது வேறு ஆள். ஒருநாள் நீலக் கோட்டு வெள்ளைமுடியை ஒரு பாழடைந்த கோபுரத்தில் மடக்கிவிட்டான். ஏன் மதகைத் திறந்தாய் என்று கேட்டான். வெள்ளைமுடி மெதுவாக ஏதோ சொன்னான். தோழி உருகி உருகிச் சொன்னாள். "அந்த ஜனங்க அழறதக் கேட்டு என் மனசு தாங்கல. எனக்கு வேற வழி தெரியல."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அவன் அப்படிச் சொல்லல."

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். இந்த முறை சித்தியிடம் சொன்னதாகவும் இல்லை, யாரிடம் சொன்னதாகவும் இல்லை.

"பயந்துட்டேன்னு சொல்றான். தண்ணி ஏறுறத பாத்து, யோசிக்கல, பயந்து தொறந்துட்டேன், அப்புறமாதான் காரணமெல்லாம் கண்டுபுடிச்சேன்னு சொல்றான். அதான் அவன் சொன்னது. உள்ளத உள்ளபடி சொல்லுமா."

தோழி முகம் சிவந்துபோயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஆமா, கொஞ்சம் மாத்திட்டேன்" என்றாள்.

சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவரைத் தாத்தா பிரெஞ்சுப் பள்ளியில் போட்டிருந்தார். அப்பா ஸ்கூலை விட்டு மில்லுக்குப் போனதே தம்பி படிக்கட்டும் என்றுதான். அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை ஒன்றும் கிடைக்காமல் அவரும் மில்லுக்கே வந்து சேர்ந்தார் என்பது வேறு கதை. ஆக இத்தனை நாளும் சித்தப்பா தோழியின் தமிழைக் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. அவள் எங்கெங்கே வெள்ளைமுடிக்குச் சர்க்கரை போட்டாள் என்று எல்லாம் தெரிந்தே கேட்டிருக்கிறார். அதெல்லாம் அவர் கட்சிக்குச் சாதகம். கம்மென்று இருந்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

அன்று அப்பா தீர்ப்பு சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். அம்மா என்னை ஜாடையாக அழைத்து, "உங்கப்பா கண்ணுல தண்ணிடி" என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் தூசு என்பார், நான் ஏதாவது சொல்வேன், எல்லாம் கெட்டுவிடும்.

ஆகஸ்டு கடைசிவரை இருப்பேன் என்ற தோழி, அங்கே ஏதோ விடுமுறை வேலை கிடைத்ததென்று ஆடி முடிவதற்குள் கிளம்பவேண்டி வந்தது. கடைசி டிஸ்க் ஒன்று பாக்கி. முடிவு அவளுக்குத் தெரியும், அங்கேயே பார்த்துவிட்டாள். சொல்லிவிட்டுப் போடி என்று கெஞ்சினேன். "சொன்னா கெட்டுப்போயிடும். பிளேயர் இருக்கட்டும், அடுத்த வருஷம் வாங்கிக்கிறேன்" என்று டாக்சி ஏறிவிட்டாள். பாஷை தெரியாத டிஸ்கை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது, கழுத்தில் கட்டிக்கொள்வதா?

இரண்டு நாள் டிவிடி பக்கமே யாரும் போகவில்லை. சாயந்திரமானால் மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப உள்ளே போகும். சித்தி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்ததும் நான் பொறுமையிழந்துவிட்டேன்.

"யப்பா, ஆவணி பொறந்தா அவங்க போயிடுவாங்க. முடிவு தெரியாமயே இருக்கப் போறியா?" என்றேன்.

"எந்த முடிவு?"

"படத்தோட முடிவுதான். நீ எத நெனச்ச?"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துத் தொண்டையைத் திறந்தார். "அந்த பாஷ தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்தா வரச்சொல்லு. பாதியில நிறுத்துன கேஸ எத்தினி நாளைக்கி வச்சிருக்கறது?"

அம்மா கையைக்கூடத் துடைக்காமல் மதிலுக்கு ஓடினாள். கூப்பிடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தக் குரல் கேட்காமலா இருக்கும்?

சித்தப்பா மதிலைத் தாண்டி வரவில்லை. வேட்டி மாற்றி, முழுக்கைச் சட்டை போட்டு, தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெண் பார்க்க வந்தவர்போல வாசலில் தயங்கி நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். நாற்காலி போட்டேன், வேண்டாமென்று டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. அவரும் அப்பாவைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் எதிரே ஒரு டிவி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வெள்ளைமுடியை அன்றைக்குத்தான் சித்தப்பா கண்ணால் பார்த்தார். "இவன்தானா? சின்னப் பையனா இருக்கானே" என்றார்.

தோழி மாதிரி அவர் நடிக்கவில்லை. கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவர்போல ஒரே குரலில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நீலக் கோட்டுக்கும் அதே குரல், வெள்ளைமுடிக்கும் அதே குரல். அப்படிக் கேட்டபோதுதான் கதை எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. நீலக் கோட்டு வில்லனும் இல்லை, வீரனும் இல்லை. எல்லாரும் ஒன்றாக நின்றால்தான் கடலைத் தடுக்க முடியும் என்று நம்பிய ஒரு மனிதன். அந்த நம்பிக்கையில் தப்பும் இல்லை.

கடைசிப் பகுதி. பல வருஷம் போய்விட்டது. நகரத்தையே கைவிட்டு ஜனங்கள் மேட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். மதகும் இல்லை, சத்தியமும் இல்லை, காவல்காக்க ஒன்றுமே இல்லை. வயசான நீலக் கோட்டு, உடைந்த மதகுக்கு மேலே தனியாக இருக்கிற வெள்ளைமுடியைத் தேடிக்கொண்டு போகிறான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள்.

"நீலக் கோட்டு கேக்கறான்," என்றார் சித்தப்பா. "எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொறந்திருக்கலாம் இல்ல?"

திரையில் வெள்ளைமுடியின் முகம் வந்தது. காற்றில் முடி பறந்தது. பின்னணியில் ஒற்றைக் குழல் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசையவில்லை.

"நீ எல்லார்கிட்டயும் கேட்ட," என்றார் சித்தப்பா. குரல் மாறியிருந்தது. "மில்லு கேட்டுல நிக்கவச்சி, கைய தூக்குங்கன்னு அத்தன பேர்கிட்டயும் கேட்ட. நான் கூட்டத்துல ஒரு கை. வூட்ல ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம். அங்க என்னைய ஒரு வார்த்த கேக்கல."

குழல் ஒலித்துக்கொண்டிருந்தது. திரையில் கடல்தான். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா டிவியைப் பார்த்தபடியே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தா போயிருக்க மாட்டேன்னு சொல்லல. போயிருப்பேன். பயம் எனக்கு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஆனா உங்கிட்ட சொல்லிட்டுப் போயிருப்பேன். நீ அடிச்சிருப்ப. அடி வாங்கிட்டுப் போயிருப்பேன். மைக்கில அந்தப் பேர கேக்கறதுக்கு அது எவ்ளோவோ மேல்."

திரை கறுத்தது. ஜப்பான் எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கின. ஏதோ ஒரு பெண் குரல் பாடிற்று. நான் அப்பாவைப் பார்க்கப் பயந்து, எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீலக் கோட்டு இன்னா பதில் சொன்னான்?" என்று அப்பா கேட்டார். அம்மாவிடம் கேட்கவில்லை. என்னிடமும் இல்லை.

"அவன் ஒண்ணும் சொல்லல," என்றார் சித்தப்பா. "படம் முடிஞ்சிடுச்சி."

அப்பா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், உட்காரவே நேரமாயிற்று. அந்தத் தொண்டையா அது என்று நினைக்கும்படி, பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"வூட்ல கேட்டிருக்கணும்டா. உன்ன கேட்டுட்டுதான் நான் வெளியில போயி பேசியிருக்கணும். அந்தப் பேரு உன்ன சொன்னது தப்பு."

சித்தப்பா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நானும் சொல்லிட்டுப் போயிருக்கணும், அண்ணே."

"அதான் இப்ப சொல்லிட்டியே" என்றார் அப்பா.